நகர்ந்த கரை – 11: கரி போன பிறகு யாருடைய நிலம்?

நம் சத்தியவேட்டுக்குக் கடல் கிடையாது. கிழக்கே தடாவுக்குப் போய், பழவேற்காடு ஏரியையும் தாண்டினால்தான் அலைச் சத்தம் கேட்கும். அப்படியிருந்தும் சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குகிறேன். 1960 மார்ச் 31 வரை நாம் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். இரு மாநில எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் வகுத்த எல்லைப்படி திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாம் ஆந்திரத்தின் பக்கம் வந்தோம். பிறகு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். காகிதத்தில் மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தாலும், ஆஸ்பத்திரி, துணிக்கடை, வேலை என்று எதற்கும் நாம் கிளம்பிப் போவது சென்னைப் பட்டணத்துக்குத்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பின் பட்டணத்துத் துறைமுகம் நம் வாசல்வரை வந்துவிட்டது. இங்கே பூட்டி முத்திரையிட்ட கன்டெய்னர் எண்ணூரிலோ சென்னையிலோ கப்பலேறுகிறது. அந்தத் துறைமுகம் நிற்கும் தரை எப்படி உண்டானது, இப்போது அது யார் கைக்குப் போகப் போகிறது என்பது நமக்கும் உள்ள கேள்வி.

சென்ற இதழில் பக்கிங்காம் கால்வாய் வழியே ஸ்ரீஹரிக்கோட்டா விறகோடு பட்டணத்துக்குள் நுழைந்தோம். அங்கிருந்து கிழக்கே நடந்தால் பாரிமுனை, அதற்கு எதிரே உயர்நீதிமன்றம். நீதிமன்ற வளாகத்துக்குள் ஓர் உயரமான கல்தூண் நிற்கிறது. பல பேர் அதை ஏதோ நினைவுச்சின்னம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது 1844-இல் எரியத் தொடங்கிய கலங்கரை விளக்கம். அதற்கு முன்பு விளக்கு கோட்டைக்குள் இருந்த கட்டடத்தின் மேல் எரிந்தது. 1894-இல் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்துக்கு மாறியது. 1977-இல் மெரினாவுக்குப் போய்விட்டது. கலங்கரை விளக்கம் எரிந்த வளாகம் இன்று கடலிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது பாருங்கள்! நடுவில் ராஜாஜி சாலை, ரயில் பாதை, துறைமுக மதில், கிடங்குகள், கப்பல் மேடைகள். அந்தச் சாலைக்குப் பழைய பெயர் முதல் கடற்கரைச் சாலை. பெயரில் இருந்த கடற்கரை இப்போது சாலைக்குப் பக்கத்தில் இல்லை.

திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னொரு அடையாளம் இருக்கிறது. ஐஸ் ஹவுஸ். பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி கொண்டுவந்து விற்ற டியூடர் கம்பெனி அதை 1842-இல் கட்டியது. வெயிலில் உருகும் சரக்கை இறக்கிச் சேர்க்கும் கிடங்கைத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் கட்டுவார்கள். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டிலிருந்து அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் சாலையைக் கடந்து, மணலில் வெகுதூரம் நடக்க வேண்டும்.

இந்த இரண்டு கட்டடங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கடலைத்தான் தள்ளிவைத்தார்கள்.

பட்டணத்துக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கோட்டையைக் கட்டியவர்கள் 1639-இல் தேர்ந்தெடுத்தது திறந்த மணற்கரையை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரைக்குக் கொண்டுவரும். ஆணி அடிக்காமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்கும், பிளக்காது. ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் சிதறிப்போன அலையில் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நகரத்தின் வணிகம் முழுவதையும் சுமந்தவர்கள் கரையோரக் குப்பத்து மீனவர்கள். அவர்கள் பெயர் எந்தத் துறைமுகக் கல்வெட்டிலும் இல்லை. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள். கப்பல் மோதியும் புயலடித்தும் அது உடைந்தது. அப்புறம்தான் கடலையே வளைத்துக் கட்டும் யோசனை வந்தது.

வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் வரைந்த திட்டப்படி, கரையிலிருந்து இரண்டு கைகளை நீட்டிக் கடலின் ஒரு துண்டை அணைத்துக்கொள்வது போல அலைத்தடுப்புச் சுவர்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியபோது தாது வருஷப் பஞ்சம் பிடித்துக்கொண்டது. 1877 தொடக்கத்தில் எடுத்த ஒரு படம் இன்றும் கிடைக்கிறது. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைமலையாக அடுக்கியிருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த அதே நாட்கள் அவை. நம் முன்னோர் கஞ்சிக்காகக் கால்வாய் வெட்டிய கதையைப் போன அத்தியாயத்தில் சொன்னேன். அந்தக் கால்வாய் வேலையும் துறைமுக வேலையும் ஒரே பஞ்சத்தின் காலத்தில் நடந்தவை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1881 நவம்பரில் வேலை முடியும் தறுவாயில் புயல் வந்து சுவர்களை அடித்து நொறுக்கியது. திரும்பக் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டு முடிந்தது.

புயலைவிட நிதானமான, விடாப்பிடியான ஓர் எதிரி மணல். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திசை மாறும். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இப்படிக் கரையோரமாகப் பயணம் செய்கிறது. அதன் குறுக்கே சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலின் நடுவே வரப்புப் போட்டால் மேலே தண்ணீர் தேங்கும், கடைமடை காயும். சென்னைத் துறைமுகத்தின் தெற்குச் சுவருக்குப் பின்னால் மணல் தேங்கித் தேங்கி உண்டானதுதான் இன்றைய மெரினாவின் அகலம். ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோது இவ்வளவு மணல் இல்லை. பிறகு வந்ததெல்லாம் துறைமுகம் பிடித்து வைத்த மணல்.

கடைமடை எது? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைக் கரை, திருவொற்றியூர், எண்ணூர் வரை. அங்கே ஒரு நூற்றாண்டில் கரை நூற்றுக்கணக்கான மீட்டர் உள்வாங்கியது. தெருக்கள் போயின, வீடுகள் போயின, கோயில்கள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் பஸ்ஸில் போகும்போது வலதுபக்கம் பார்த்தால் கடலுக்கும் சாலைக்கும் நடுவே கருங்கல் குவியல்தான் தெரியும். மணல் இல்லாத கரையில் கட்டுமரத்தை ஏற்ற முடியாது, வலையை விரித்துக் காயவைக்க முடியாது, கருவாடு போட முடியாது. 2000களில் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். கல்லைக் கடலுக்குள் நீட்டிச் சுற்றுமுற்றும் கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு. வளைவுக்குத் தெற்கே மணல் ஒதுங்கும். அதற்கு வடக்கே இருக்கும் அடுத்த குப்பம் தன் கரை போகிறதென்று இன்னொரு வளைவு கேட்கும்.

துறைமுகத்தை வேலைக்காகும் துறைமுகமாக்கியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1904-இல் பொறுப்பேற்றார். மணல் அடைத்துக்கொண்டிருந்த கிழக்கு வாயை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாய் திறந்தார். உள்ளே ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணும், ஒதுங்கிய மணலும் சேர்ந்து தரையாயின. அந்தத் தரைமேல் கப்பல் மேடை, கிடங்கு, தண்டவாளம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சுட்டபோது தீப்பிடித்த எண்ணெய்த் தொட்டிகளும் துறைமுகத்தை ஒட்டியே நின்றவை.

அதைவிட முக்கியமான ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 1923 மே 1. இந்தியாவில் முதன்முதலாக மே தினக் கூட்டம் நடந்த நாள். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இரண்டு இடங்களில் கூட்டம் போட்டார். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. மற்றது உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. அயோத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கூலிக்காரர்கள் கூடுவதற்கு அனுமதிச் சீட்டு கேட்காத இடம் கடற்கரை என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. முதல் இடத்தில் இன்றும் போய் நிற்கலாம். இரண்டாவது இடத்தைத் தேடிப்போனால் சாலையும் மதிலும்தான் இருக்கின்றன. மதிலுக்கு உள்ளே போக அடையாள அட்டை வேண்டும். ஒரு பொதுக்கரை வேலிக்குள் போனதென்றால் என்ன என்று இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் இடம் பட்டணத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சுதந்திரத்துக்குப் பின் துறைமுகம் இன்னும் பெருத்தது. 1964-இல் ஜவஹர் டாக், 1970களில் பாரதி டாக். பாரதி டாக்கில் எண்ணெய்க் கப்பலுக்கு ஒரு துறை, இரும்புத்தாதுக்கு இயந்திர ஏற்பாட்டோடு இன்னொன்று. பெல்லாரி, ஹொஸ்பேட் மலைகளிலிருந்து ரயில் ரயிலாகச் சிவப்புத் தாது வந்து இறங்கி, ஜப்பானுக்குப் போனது. ஜவஹர் டாக்கில் அனல் மின்நிலையங்களுக்கான நிலக்கரி. 1983-இல் கன்டெய்னர் முனையம். கடலிலிருந்து பிடுங்கிய நிலம் நகரத்தின் நடுவே தொழிற்பேட்டையாகிவிட்டது. ஒருபக்கம் சிவப்புக் குன்று, மறுபக்கம் கறுப்புக் குன்று.

ராயபுரத்துப் பெண்கள் அந்த ஆண்டுகளைத் துணியால் நினைவு வைத்திருக்கிறார்கள். காலையில் வெளுத்துக் கொடியில் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறம். ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்தால் கறுப்புக் கோடு. சமையலறை ஓட்டைகளில் பழந்துணி அடைத்து வைத்தும் சோற்றில் கரகரக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வானிலை அறிக்கை கேட்க வேண்டியதில்லை, தூளின் நிறத்தைப் பார்த்தால் போதும். உயர்நீதிமன்றத்தின் சிவப்புச் செங்கல்லுக்கும் அதே தூள்தான்.

வழக்கு அந்த நீதிமன்றத்துக்கே போனது. 2011 மே மாதம் தீர்ப்பு: தூசு கிளப்பும் சரக்கான நிலக்கரியையும் இரும்புத்தாதையும் சென்னைத் துறைமுகம் இனிக் கையாளக் கூடாது, அக்டோபர் 1 முதல் அவை எண்ணூருக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே கர்நாடகம் இரும்புத்தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்ததால் சிவப்புக் குன்று தானாகவே கரைந்துகொண்டிருந்தது. 2010–11-இல் 6 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கண்ட துறைமுகம் அடுத்த ஆண்டே கீழே இறங்கியது. ராயபுரம் மூச்சு விட்டது. அந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்பு, அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

ஆனால் அது காற்றைப் பற்றிய தீர்ப்பு. நிலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கரி கிடந்த களம் காலியானால் அது என்ன ஆக வேண்டும்? துறைமுகம் தன் போக்கில் பதில் தேடிக்கொண்டது. கன்டெய்னர், ஏற்றுமதிக் கார்கள், 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய உல்லாசப் பயணக் கப்பல். தூசு இல்லாத தொழில்கள், சரி. ஆனால் இந்தத் துறைமுகத்துக்கு இடம் நெருக்கடி. மூன்று பக்கம் நகரம், ஒரு பக்கம் கடல். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் சரக்கை இழுத்துக்கொண்டே போகின்றன. இன்றோ பத்தாண்டு கழித்தோ, கோட்டைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கும் இந்த நிலத்தை வேறு எதற்காவது கொடுக்கலாமே என்ற பேச்சு வந்தே தீரும். உலகத் துறைமுக நகரங்கள் பலவற்றிலும் வந்திருக்கிறது.

பம்பாயில் வந்துவிட்டது. தீவு நகரத்தின் நிலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு துறைமுகத்தின் கையில் இருக்கிறது. அதன் கிழக்குக் கரையை என்ன செய்யலாம் என்று 2014-இல் ராணி ஜாதவ் தலைமையில் குழு அமைத்தார்கள். அந்த நகரத்துக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. மூடிக் கிடந்த பஞ்சாலை நிலங்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு ஏழைகளின் வீட்டுக்கு, ஒரு பங்கு உடைமையாளருக்கு என்பதுதான் முதலில் இருந்த விதி. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு 1996-இல் அதற்கு வரைபடமே போட்டுக் கொடுத்தது. 2001-இல் விதியில் ஒரு திருத்தம் வந்தது: மூன்றாகப் பிரிப்பது முழு நிலத்துக்கு அல்ல, கட்டடம் ஏதும் இல்லாத வெற்றுத் தரைக்கு மட்டும். ஆலை நிலத்தில் வெற்றுத் தரை எவ்வளவு இருக்கும்? உச்சநீதிமன்றமும் 2006-இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆலையில் நூல் நூற்றவன் பிள்ளை இன்று அதே இடத்தில் எழுந்த வணிக வளாகத்தில் வாசல் காவல் பார்க்கிறான்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் நம் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் எழுப்பியது. பத்திரமாகக் கடல் கடந்ததற்கு நன்றியாக, படகிலிருந்து இறங்கியதும் தொழ வசதியாக அலை ஓரத்திலேயே கட்டினார்கள். அதே நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்தார்கள், 1970களில் இன்னும் தூர்த்தார்கள். இப்போது அதைச் சுற்றி வங்கிக் கோபுரங்கள். தமிழ்க் கூலிகள் மூட்டை தூக்கிய தஞ்சோங் பகார் துறைமுகத்தில் 1972-இல் முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. அந்த முனையத்தையும் நகரத்தை ஒட்டிய மற்ற முனையங்களையும் 2027-க்குள் மூடி, துவாஸுக்கு மாற்றுகிறார்கள். பாசிர் பாஞ்சாங் 2040-க்குள். காலியாகும் கரை முழுவதும் குடியிருப்பும் பூங்காவும். திட்டமிடுதலில் அவர்களைக் குறை சொல்ல முடியாது: புதுத் துறைமுகம் தயாரான பிறகுதான் பழையதைக் காலி செய்கிறார்கள். ஆனால் தூர்த்த மணல் எங்கிருந்து வந்தது? மலேசியா, இந்தோனேசியா, கம்போடியா என்று ஒவ்வொரு நாடாக மணல் விற்பதை நிறுத்தும் வரை தோண்டி வாங்கினார்கள். அந்த நாடுகளின் கரையும் ஆற்றுமுகமும் குறைந்தன. நிலம் புதிதாக உண்டாகும் இடத்தில் எல்லாம், எங்கோ ஓரிடத்தில் நிலம் குறைந்திருக்கிறது.

சென்னையில் அந்த ‘எங்கோ’ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. துறைமுகத் தரைக்கும் மெரினாவுக்கும் போன மணல், ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். இந்த நிலத்தின் இரண்டாவது வாழ்வைப் பற்றி யார் எந்த மேசையில் உட்கார்ந்து பேசினாலும், முதல் உரிமை வடகரைக்கு என்பதில் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இது ஆகாத காரியம் இல்லை. நம் ஆந்திரத்திலேயே விசாகப்பட்டினத் துறைமுகம் மணலுக்கென்று பொறி வைத்து, தூர்வாரிய மணலை ஆர்.கே. பீச் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறது. 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டிக் கடற்கரையை இழந்த புதுச்சேரியில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள் தண்ணீருக்குள் மூழ்கிய தடுப்பு ஒன்றை வைத்தார்கள். முப்பது வருஷம் பாறையாகக் கிடந்த கரையில் குழந்தைகள் மீண்டும் மணலில் விளையாடினார்கள். சென்னையில் பிடித்து வைத்த மணலை வடக்கே சேர்ப்பதை நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. நிலத்தைக் குத்தகைக்கு விடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அது முதல் நிபந்தனையாக வேண்டும், குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு அதற்கென்றே ஒதுங்க வேண்டும். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கொஞ்சம் கரையாவது மதிலுக்கு வெளியே வர வேண்டும்.

யார் முடிவு செய்வது என்ற இடத்தில்தான் எனக்குக் கவலை. 2021-இல் வந்த பெருந்துறைமுக ஆணையச் சட்டம், துறைமுக எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்குத் துறைமுகமே தனியாகப் பெருந்திட்டம் வகுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. மாநில அரசின், உள்ளாட்சியின் விதியோடு அது முரண்பட்டால் துறைமுகத்தின் திட்டமே செல்லும். ராயபுரத்து வார்டு உறுப்பினர் மாநகராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டாலும், பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. தன் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை தீட்டினாலும், மதிலுக்கு உள்ளே அது கட்டுப்படுத்தாது. கரையை இழந்தவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி வேண்டும் என்றால் சட்டத்திலேயே அதற்கு இடம் கேட்டாக வேண்டும். அதை நம் இரண்டு மாநிலங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நமக்கு ஏன் அவசரம்? 2011-இல் ராயபுரத்தை விட்டுக் கிளம்பிய கரி காணாமல் போய்விடவில்லை. வடக்கே, எண்ணூருக்கு வந்தது. அங்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் ஏற்கெனவே படிந்துகொண்டிருந்தது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம், அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து. அங்கே புதுச் சுவர் எழுந்தால் கடைமடை எது? பழவேற்காட்டின் மணல்திட்டு. நம் ஆரணியாறு போய்ச் சேரும் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் அந்த மெல்லிய திட்டில் இருக்கும் குப்பங்களிலிருந்து அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.

(தொடரும்)